வெளுத்ததெல்லாம்

புன்டா அரெனாஸில் தெருமுனைகளில் கயிறு கட்டியிருக்கிறார்கள்,
காற்றடிக்கும் நாளில் ஆட்கள் பிடித்துக்கொண்டு போக.
அதைப் பிடித்துத்தான் நானும் வேலைக்கு வந்தேன்,
வாயெல்லாம் நீரிணையின் உப்பு.

உள்ளே வேறு காற்று.
வடிகட்டி, வாரி, வகிடெடுத்து அனுப்பிய காற்று.
சத்தமில்லாமல் வந்து என் நெஞ்சில் முட்டி முடியும்.
அதற்கும் ஊசிமுனைக்கும் குறுக்கே
என் கை போகக் கூடாது,
அவ்வளவுதான் சட்டம்.

பதினாறு வருஷமாக அந்தச் சட்டத்தில் வாழ்கிறேன்.
இறங்க மறுக்கும் மோதிரத்தைச் சோப்பு போட்டு இறக்கி,
நகத்தடி, விரலிடுக்கு, முழங்கை வரை தேய்த்து,
பேச்சையும் வெளியே கழற்றி வைத்துவிட்டு நுழைவேன்.

அன்றைய சீட்டில்:
யாஸ்னா ஓயார்சூனின் ஆண் குழந்தை. பெயர் இல்லை.
தொள்ளாயிரத்து நாற்பது கிராம்.
குடல் இன்னும் உலகத்துக்குச் சம்மதிக்கவில்லை.

நமக்கெல்லாம்
ரொட்டிக்கும் ரத்தத்துக்கும் நடுவே எத்தனை காவல்:
எச்சில், இரைப்பையின் புளிப்பு,
ஆறேழு மீட்டர் குடல், கறாரான ஈரல்.
அவனுக்கோ மார்பில் ஒரு மெல்லிய குழாய்,
நேரே போய் இதயத்தின் வாசலில் நிற்கிறது.
காவலுக்கு என் கையுறை.

குளுக்கோஸ். அமினோ அமிலம். உப்புகள்.
அதுவரை பை தெளிநீர்,
தூசி ஒன்று மிதந்தாலும் விளக்கடியில் காட்டிக்கொடுக்கும்.
கடைசியில் கொழுப்பு இறங்கும்.
பை வெளுக்கும்.
அதற்குப் பிறகு உள்ளே எது கலங்கினாலும்
பால்தான்.

வேலை முடிந்ததும் வழக்கம்போலப்
பத்து விரல்நுனியையும் கூழ்த்தட்டில் ஒற்றிவிட்டுக்
கயிற்றைப் பிடித்து வீடு போனேன்.

மூன்றாம் நாள் ஆய்வுக்கூடத்திலிருந்து டானிட்சா.
"நெல்டா, உன் இடது கை. மோதிர விரல்."
"எத்தனை?"
"ஒன்று."
"ஒன்றா?"
"ஒன்றே ஒன்று. வெள்ளை. உப்புக்கல் அளவு."
என் தோலில் என்னோடு குடியிருப்பதுதான்,
என்னை ஒருநாளும் எதுவும் செய்யாதது.
மோதிரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றாள்.
இருந்தாலும் அன்றே அதைக்
காப்பித்தூள் டப்பாவில் போட்டு மூடினேன்.

பை அதற்குள் தொங்கி, சொட்டி, தீர்ந்து,
குப்பைக்கும் போயிருந்தது.
முழுதாக ஒரு நாள், அறைச்சூட்டில்.
ஒன்று விழுந்தால் போதும், வட்டி குட்டி போடும்.
சர்க்கரையின் கெட்டியில் சிலது அடங்கிக் கிடக்கும்,
கொழுப்பு கிடைத்தால் கொண்டாடும்.
வழியில் ஒரு வடிகட்டி உண்டு, ஈஸ்டைப் பிடிக்கும்,
இந்தச் சின்னதைப் பார்க்காததுபோல் விட்டுவிடும்.
இவ்வளவும் தெரிந்தவள்
மூன்றாம் மாடிக்குப் படியேறினேன்.

யாஸ்னா கண்ணாடிப் பெட்டியில் நெற்றியைச் சாய்த்திருந்தாள்.
மேலே தொங்கிய புதுப் பையைக் காட்டிச் சொன்னாள்:
"எனக்குச் சுரக்கவே இல்லை. நல்லவேளை, இது இருக்கிறது."

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவளைக்
கேலி செய்வது ஊர் வழக்கம்.
அவளுக்கு வேறென்ன வழி இருக்கிறது?

காலையிலிருந்து சூடு ஏறியிறங்குகிறது
என்றாள் நர்ஸ் எல்சிரா, என் முகத்தைப் பார்க்காமல்.
ரத்தப் புட்டி இயந்திரத்துக்குள் போயாயிற்று.
ஐந்து நாள். ஏதாவது முளைத்தால் மணி அடிக்கும்.

தாயிடம் சொல்ல வேண்டியது மருத்துவர் என்பது விதி.
சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

மணி அடிக்கவில்லை.
அதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

இப்போது என்னைச் சூப் கலக்க வைத்திருக்கிறார்கள்.
அதே மேசை, அதே ஊசி, அதே வகிடெடுத்த காற்று,
யாருக்கும் ஊட்டாத சூப்.
பதினாலு நாள் வெதுவெதுப்பில் வைத்திருந்து
கலங்குகிறதா என்று பார்ப்பார்கள்.
கண்ணாடிக்கு அந்தப்பக்கம் வேறொருத்தி
ஓயார்சூன் என்ற சீட்டைப் படித்துக்கொண்டிருக்கிறாள்.
ஆயிரத்துப் பத்து கிராமாம்.

இன்று ஒன்பதாம் நாள்.
புட்டியை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன்.
மஞ்சள் தெளிவுக்குள் தலைகீழாகத் தெருமுனை,
கயிறு,
தொப்பியைத் துரத்தி ஓடும் ஓர் ஆள்.